மூன்று திரையும் இந்த வீட்டில்தான்

ஒரு வாரம் எங்கள் தெருவில் என்னைப் பற்றித்தான் பேச்சு. ஒரே வேனில் மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அம்மா கேட்டார்: "மூணு ரூமுக்கு மூணு டிவியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்த காலம் அது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "அப்ப சும்மாதான் இருக்கீங்க, கொஞ்சம் ரேஷன் கடைக்கு வர்றீங்களா?" என்பார்கள். காலை ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மாலை ஆறுக்கு எழுந்தாலும் நான் சும்மாதான் இருந்தேனாம்.

என் வேலை தப்பு கண்டுபிடிப்பது. வெளிநாட்டில் எங்கோ கட்டுகிற பெரிய கட்டடங்களின் இரும்புச் சட்டங்களுக்கு வரைபடம் தயாரித்துத் தருகிற ஒரு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே யாரோ வரைவார்கள். வரைந்ததை நான் ஒவ்வொரு கோடாகச் சரிபார்ப்பேன். எந்த உத்திரம் எந்தத் தூணோடு சேருகிறது, போல்ட் போடும் ஓட்டைகள் இரண்டிலும் நேருக்கு நேர் வருகின்றனவா, அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்றெல்லாம் பார்க்கவேண்டும். இந்த வேலைக்கு என் குணம் ரொம்பப் பொருத்தம் என்று என் கணவர் சொல்வார். அவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் எழுத்தர். ஆபீசுக்குப் பின்பக்கம் புது மனைகளில் ஒன்றில்தான் எங்கள் வீடு.

கல்யாணமான முதல் நான்கு வருடங்கள் நான் சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தேன். திங்கட்கிழமை விடியற்காலை பஸ், வெள்ளிக்கிழமை மாலை பஸ். அவருக்கு இங்கிருந்து மாற்றல் கிடைக்காது, எனக்கு அங்கிருந்து வேலையை விட மனசு வராது. ஒரு கட்டிலும் ஒரு பக்கெட்டும்தான் என்னுடையவை என்று நான்கு வருடம் கழிந்தது. பிறகு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலம் வந்தது. விடுதி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றே, இனி இதைக் கையால் தொடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதைக் காப்பாற்றிக்கொள்வது லேசாக இல்லை. போன வருடம் ஒரு வரைபடத்தில் ஓர் அளவில் இருந்த எட்டை மூன்று என்று படித்துவிட்டேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சின்னத் திரை. முழு வரைபடத்தையும் அதில் அடக்கினால் எழுத்துகள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் சுற்றியிருப்பது மறைந்துவிடும். பெரிதாக்கு, சின்னதாக்கு, பெரிதாக்கு, சின்னதாக்கு என்று நாள் முழுக்க ஓடியதில் அந்த எட்டின் இடது பக்கம் என் கண்ணில் படாமலே போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், அதை மறுக்கமாட்டேன். சென்னையில் இருந்த மேலாளருக்கோ அது வீட்டின் தப்பாகத் தெரிந்தது. என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், ஆனால் கண் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் ஆள் வேலை செய்கிறார் என்று நம்புகிறவர்.

"பெரிய ப்ராஜெக்ட் வருது மேடம். இங்க செக்கர்ஸ் எல்லாருக்கும் மூணு ஃபோர்-கே மானிட்டர் தரப்போறோம். வீட்ல அதெல்லாம் செட் ஆகாது. ஒண்ணாந்தேதிலேர்ந்து நீங்க ஆபீஸ் வந்துடுங்க" என்றார் ஃபோனில்.

"இங்கயே வெச்சிக்கிறேன் சார்."

"நீங்களா? எப்படி?"

"எப்படின்னு நான் பார்த்துக்கிறேன். நீங்க எப்ப பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு திங்கட்கிழமையைச் சொன்னார். காலை பத்து மணி, வீடியோவில். மூன்று திரையும் ஓடவேண்டும், ஒரு மாதிரி வரைபடத்தை அவர் கண்முன் சரிபார்த்துக் காட்டவேண்டும். இல்லையென்றால் விடுதி.

அந்த வேகத்தில் முதலில் மானிட்டர்களை வாங்கிவிட்டேன். என்ன விலை என்று இங்கே எழுதப்போவதில்லை, என் சம்பளம், என் சேமிப்பு. மேசையில் மூன்றையும் வரிசையாக நிறுத்தி, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கேபிளைச் செருகப் போனால் அங்கே இருந்தது இரண்டே இரண்டு வாய். ஒன்று ஹெச்.டி.எம்.ஐ., இன்னொன்று பழைய நீலக் கலர் வாய். முதல் மானிட்டர் வந்தது, ஆனால் சுட்டியை நகர்த்தினால் அது யோசித்து யோசித்து நகர்ந்தது. நீல வாயில் செருகியதில் எழுத்தெல்லாம் மங்கல். மூன்றாவதற்கு இடமே இல்லை. மூன்று மாடு வாங்கி ஒரே ஒரு முளைக்குச்சி வைத்திருந்தவள் கதையாகிவிட்டது.

படம் காட்டுவதற்கென்றே கிராஃபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று போடவேண்டும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அவசரத்தில் கடைசியில் யோசிக்கவேண்டியதாகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். எனக்கு வேண்டியது விளையாட்டுக்கான கார்டு இல்லை, நிறைய திரைகளுக்கான சின்னக் கார்டு என்று புரிந்தது. அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கணவரோடு போனேன்.

நான் கேட்டேன், கடைக்காரர் என் கணவருக்குப் பதில் சொன்னார். நான் மறுபடி கேட்டேன், அவர் மறுபடி என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். உள்ளேயிருந்து ஒரு பெரிய பெட்டியை எடுத்துவந்து வைத்தார். செங்கல் அளவுக்குக் கனமான கார்டு, மூன்று விசிறி, ஓரமெல்லாம் கலர் லைட்.

"இதான் சார் இப்ப ஓடுது. மேடத்துக்கு கேமுங்களா?"

என் பையில் இஞ்ச் டேப் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டுதான் வந்திருந்தேன். அந்தக் கார்டை அளந்தேன். நான்கு விரற்கடை ஜாஸ்தி.

"இது உள்ளயே போகாதுங்க. எங்க பெட்டியில இருக்கிற பவர் சப்ளையும் இதுக்குத் தாங்காது. எனக்குச் சின்னதா, தனிக் கரண்ட்டு கேக்காத கார்டு வேணும். லைட்டு வேணாம். பின்னாடி நாலு வாய் இருக்கணும்."

"சார், மேடத்துக்கு யாரோ தப்பா சொல்லிருக்காங்க. கேபினெட்டு, பவர் சப்ளை எல்லாம் சேத்து மாத்திடலாம்."

என் கணவர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "தப்பு கண்டுபுடிக்கிறதுதாங்க அவங்க வேலையே."

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஆன்லைன்ல வாங்கி ஏமாறுவாங்க, அப்புறம் இங்கதான் வருவாங்க." திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆன்லைனில்தான் வாங்கினேன். சனிக்கிழமை வந்துவிடும் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை பௌர்ணமி, மலையைச் சுற்ற வருகிறவர்களால் ஊரே நிரம்பி வழிகிற நாள் என்பது இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. காலையில் கூரியர் ஆபீசிலிருந்து ஃபோன்.

"மேடம், இன்னிக்கி பௌர்ணமி, வண்டி எதையும் விடமாட்றாங்க. உங்க பார்சல் திங்கக்கிழமை மத்தியானம் வரும்."

"திங்கக்கிழமை காலைல எனக்கு வேணுங்க. நானே வந்து வாங்கிக்கிறேன்."

"செங்கம் ரோடு மேடம். கிரிவலப் பாதையிலதான் இருக்கோம். நடந்துதான் வரணும்."

கணவருக்கு அன்று கிரிவலக் கூட்டத்தில் தண்ணீர்ப் பந்தல் டியூட்டி. ஒரு ஆட்டோ என்னைப் போலீஸ் தடுப்புக்கு முன்னால் இறக்கிவிட்டது. அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பகல் வெயிலிலேயே ஜனம் நெரிந்தது. போவது சுலபமாக இருந்தது, தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் சங்கடம். எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். அவர்களோடு போவதென்றால் அடி அண்ணாமலை வழியாக மலையை முழுக்கச் சுற்றித்தான் வீடு சேரவேண்டும். எதிரே நடந்தால் அரை மணி நேரம்.

எதிரே நடந்தேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சாலையின் ஓரத்தோடு ஓரமாக. ஒருவர் முறைத்தார், இன்னொருவர் விலகிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா என் முன்னால் நின்றே விட்டார்.

"ஏம்மா, எல்லாரும் சாமியைச் சுத்தினு போறாங்க, நீ எதிர்ல வர்றியே. பாவம் இல்ல?"

"சாமிக்குத் தெரியும்மா, எனக்குத் திங்கக்கிழமை மீட்டிங்குன்னு."

அவர் என்ன நினைத்தாரோ, என் நெற்றியில் கொஞ்சம் விபூதி வைத்துவிட்டு வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பச்சைத் தகடு, அதன் மேல் ஒரே ஒரு குட்டி விசிறி. ஒரு முனையில் நான்கு வாய். கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்கள்தான் பெட்டிக்குள் இருக்கும் பலகையில் போய்ப் பொருந்தி மின்சாரம் வாங்கும். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகப் பயமாக இருந்தது. இது ஓடவில்லையென்றால் மறுபடி அந்தக் கட்டில், அந்தப் பக்கெட்டு.

புது ஸ்கூட்டர் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்குகிற என் கணவரை நான் கிண்டல் பண்ணாத நாளே இல்லை. அந்த நான், அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, பூஜை அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தேன். என் அம்மா தையல் வேலை செய்தவள். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலின் பிடியில் பொட்டு வைத்தால் கையைத் தட்டிவிடுவாள். வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொட்டு என்பது அவள் கணக்கு. கத்தரிக்கோலுக்கு அலகில், மெஷினுக்கு ஊசிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் வளர்ந்த யாருக்கும் வேறு இடத்தில் பொட்டு வைக்கக் கை வராது. இந்தக் கார்டுக்கு வேலை செய்கிற இடம் எது? தங்கப் பற்கள். சந்தனத்தைக் குழைத்து அங்கேயே ஒரு பொட்டு வைத்தேன், அதன் மேல் குங்குமம். சாமி கும்பிட்டேன். பிறகு பெட்டியைத் திறந்து, பலகையின் நீளமான பள்ளத்தில் கார்டை வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன்.

பொத்தானைத் தட்டினேன். பெட்டி ஒரு நீள பீப், மூன்று குட்டி பீப் என்று கத்தியது. மூன்று திரையும் கறுப்பு. அணைத்தேன், போட்டேன். மறுபடி அதே கத்தல்.

கணவர் கால் வலியோடு மாலையில் வந்து பார்த்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். அவர் ஒரு டம்ளர் காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்காரருக்கே ஃபோன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல சார். கார்டு டெட்டு. திருப்பி அனுப்பிடுங்க, பத்து நாள்ல வேற வரும்." பத்து நாளில் நான் சென்னையில் இருப்பேன். மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினேன், சின்னத் தடங்கல், நாளைக்குள் சரிசெய்துவிடுவேன் என்று. உடனே பதில் வந்தது: டென்ஷன் வேண்டாம் மேடம், ஆபீசில் உங்கள் இருக்கை தயாராக இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்க அழுகை இல்லை, ஆத்திரம். என் வீட்டில், என் மேசையில், என் காசில் வாங்கிய மூன்று கறுப்புச் சதுரங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் செத்துப்போச்சு என்றால் செத்துவிடுமா? கார்டைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். வரைபடத்தைச் சரிபார்க்கிற மாதிரியே ஆரம்பித்தேன். ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பல்லாக, எதையும் தாண்டாமல். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றாவது பல்லிலிருந்து ஏழாவது வரை ஒரு படலம். தங்கமும் சந்தனமும் ஒரே நிறமாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் குங்குமம்.

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

கணவர் எட்டிப் பார்த்தார். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு வெச்சது?"

"நான்தான்."

அவருக்கு எவ்வளவு நல்ல சந்தர்ப்பம்! எத்தனை எலுமிச்சம்பழத்துக்குப் பழிவாங்கியிருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் தன் ஆபீஸ் பையிலிருந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்தார். "எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஓடலேன்னா மொதல்ல இதப் போட்டுத்தான் தேய்ப்போம். நீ தள்ளு."

நான் தள்ளவில்லை. ரப்பரை வாங்கி நானே தேய்த்தேன். மெதுவாக, ஒரே திசையில், பல் பளிச்சென்று ஆகும்வரை. அவர் மருந்துக்கடைக்குப் போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவந்தார். பலகையின் பள்ளத்துக்குள்ளும் தூள் விழுந்திருந்தது. புது டூத்பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து அதையும் சுத்தம் செய்தேன். நன்றாகக் காயட்டும் என்று சாப்பிடப் போனோம். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். கார்டைச் செருகி, கேபிள்களை அதன் வாய்களில் மாட்டி, பொத்தானைத் தட்டினேன். பீப் ஒன்றும் வரவில்லை. முதலில் நடுத் திரை வெளிச்சமானது. பிறகு இடது பக்கம். வலது பக்கத் திரை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. எட்டை மூன்றாகப் படித்த அந்தப் பழைய வரைபடத்தைத் தேடித் திறந்தேன். பெரிதாக்காமலே, முழுப் படமும் கண்ணெதிரே இருக்கும்போதே, எட்டு எட்டாகத் தெரிந்தது. அந்த ஒரு எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான், ஆனால் அதைவிட ஜாஸ்தி கோபம். இதைச் செய்ய எனக்கு ஆபீஸ் கட்டடம் எதற்கு?

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் வீடியோவில் வந்தார். ஃபோனைத் திருப்பி மூன்று திரையையும் காட்டினேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டதை மறைத்துக்கொண்டார்.

"குட். ஆனா கரண்ட்டு போச்சுன்னா?"

"யு.பி.எஸ். இருக்கு சார்."

"இன்டர்நெட்?"

"ரெண்டு கனெக்‌ஷன் இருக்கு."

"சரி, ஒரு ஷீட் அனுப்பறேன். இது இங்க செக் பண்ணி முடிச்சதுதான். தப்பு எதுவும் இருக்காது. எப்படிப் பாக்கறீங்கன்னு மட்டும் காட்டுங்க."

உத்திரத்தின் வரைபடத்தை இடது பக்கம் போட்டேன். அது போய்ச் சேருகிற தூணை நடுவில். போல்ட் பட்டியலை வலது பக்கம். என் திரைகள் அப்படியே அவருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கோடு கோடாகச் சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் வாய் நின்றுவிட்டது.

"என்ன மேடம்?"

"சார், உத்திரத்துல எட்டு ஓட்டை. பட்டியல்லயும் எட்டு போல்ட்டு. தூண்ல ஆறுதான் இருக்கு."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற ஓசை கேட்டது. அவர் யாரையோ கூப்பிட்டார், யாரோ வந்து குனிந்து பார்த்தார்கள்.

"மூணு பேர் பார்த்தது மேடம் இது" என்றார் மெதுவாக. "வியாழக்கிழமை ஃபேக்டரிக்குப் போகவேண்டியது."

தூணில் விடுபட்ட இரண்டு ஓட்டைகளின் இடத்தைச் சுட்டியால் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணாந்தேதி வர வேணாம். நீங்க அங்கயே இருங்க." கொஞ்சம் நிறுத்தி, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "ஒரே ஒரு ஹெல்ப்பு. ஒரு மாசம் மட்டும் இங்க வந்து தங்கி, நம்ம செக்கர்ஸுக்கு இந்த மாதிரி வெச்சிப் பாக்கறது எப்படின்னு சொல்லிக்கொடுத்துட்டுப் போங்களேன். விடுதி நாங்களே பார்த்துடறோம்."

"கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல காலைல ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்துடலாம் சார்" என்றேன். "அவங்கள அனுப்புங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் பையோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள்.